ரீஸ்பெக் செய்வது எப்படி: கழிக்காதீர்கள், மறுபடி கணக்கிடுங்கள்

டயப்லோ 2 கேம் வெளியானது 2000-இல். ஸ்கில்களுக்குப் போட்ட பாயின்ட்டைத் திரும்ப எடுத்து வேறு ஸ்கில்லில் போடும் வசதி, அதாவது ரீஸ்பெக், அதற்கு 2010-இல், 1.13 பேட்ச்சில்தான் வந்தது. அதுவரை தவறாகப் போட்டவர்களுக்குப் புதுக் கேரக்டர்தான் வழி. நீங்கள் உருவாக்கும் கேமில் யாரையும் அப்படித் தவிக்க விடாதீர்கள்.

லெவல், ஸ்கில் ட்ரீ (ஸ்கில்களைக் கிளைகிளையாகக் காட்டும் பட்டியல்) எல்லாம் ஏற்கெனவே ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். நான் கோடோ என்ற கேம் எஞ்சினில் செய்தேன். மற்ற எஞ்சின்களிலும் முறை இதேதான்.

முதலில், கேரக்டரின் அடிப்படை எண்களைத் தனியாக வையுங்கள். வாங்கிய ஸ்கில்கள் ஒரு டிக்‌ஷனரியில் இருக்கட்டும்: ஸ்கில்லின் ஐடி, அதன் ரேங்க், அவ்வளவுதான். கூட்டி வந்த விடையை சேவ் ஃபைலில் எழுதவே கூடாது.

அடுத்தது கணக்கு. இங்கேதான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். ஸ்கில் வாங்கும்போது கூட்டினேன், ரீஸ்பெக்கில் கழித்தேன். ஹெல்த் 100. ஒரு ஸ்கில் 20 கூட்டும், இன்னொன்று 10% ஏற்றும், மொத்தம் 132. வாங்கிய வரிசையிலேயே திரும்ப எடுத்தேன். 20 போனால் 112, அதை 1.1-ஆல் வகுத்தால் 101.8. முழு எண்ணாக்கினால் 101. ஒவ்வொரு ரீஸ்பெக்கிலும் ஹெல்த் சும்மா ஏறிக்கொண்டே போனது! தலைகீழ் வரிசையில் எடுத்தால் சரியாக வரும். ஆனால் நடுவில் ஒரு ஸ்கில்லின் மதிப்பை மாற்றினால் மறுபடி உடையும். அதனால் கழிக்கவே வேண்டாம். டிக்‌ஷனரியைக் காலி செய்துவிட்டு, அடிப்படையிலிருந்து முழுவதும் கணக்கிடுங்கள். கூட்டல் முதலில், சதவீதம் அப்புறம்.

திருப்பித் தரும் பாயின்ட்டையும் ஸ்கில் விலைகளைக் கூட்டிக் கண்டுபிடிக்காதீர்கள். லெவலுக்கு எத்தனை, குவெஸ்ட்டில் எத்தனை கிடைத்தது என்று பார்த்துக் கொடுங்கள். விலையைப் பின்னால் மாற்றினாலும் பாதிக்காது.

ரீஸ்பெக்குக்குக் கட்டணம்? எல்டன் ரிங் கேமில் லார்வல் டியர் என்ற பொருள் வேண்டும். பால்டர்ஸ் கேட் 3-இல் விதர்ஸ் என்ற கேரக்டரிடம் 100 தங்கம் கொடுத்தால் போதும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். புதிதாக ஆடுகிறவர் பயமில்லாமல் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பின்சேர்க்கை: வலிமை 14 கேட்கும் வாள், ரீஸ்பெக்குக்குப் பிறகு வலிமை 10 ஆகியும் கையிலேயே இருக்கிறதே என்று ஒரு வாசகர் கேட்டார். உண்மைதான், நான் அதைக் கவனிக்கவில்லை. கணக்கு முடிந்ததும் ஒவ்வொரு ஆயுதத்தையும் சரிபார்த்து, பொருந்தாததைப் பைக்கு அனுப்புங்கள். இப்போதைய ஹெல்த் புது உச்சத்தைத் தாண்டினால் குறையுங்கள். இப்போது கேரக்டரிடம் இல்லாத ஸ்கில்களை ஹாட்பாரிலிருந்து (திரையில் ஸ்கில் பட்டன்கள் இருக்கும் பட்டை) நீக்குங்கள். பையில் இடம் இருக்கிறதா என்பதை மட்டும் டிக்‌ஷனரியைக் காலி செய்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் வாள் காணாமல் போகும்.