ஹெச்பி, கிலோவாட், பிடியூ: ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு எப்படி மாத்துறது

மோட்டார்ல அடிச்சிருக்குற பிளேட்டை உத்து பாத்தீங்கன்னா 5 ஹெச்பின்னு (ஹார்ஸ் பவர், அதாவது குதிரைத்திறன்) போட்டு பக்கத்துலயே 3.7 கிலோவாட்னு போட்டிருக்கும். ரெண்டும் ஒரே பவர்தான், அளக்குற அளவுதான் வேற.

மனக்கணக்குக்கு ஒரு வழி சொல்றேன். ஹெச்பில முக்கால் பங்கு எடுத்தா கிலோவாட். 10 ஹெச்பின்னா 7.5 கிலோவாட், கரெக்டா போட்டா 7.457 வரும், அதனால அவசரத்துக்கு தாராளமா போதும். திருப்பி கிலோவாட்டை ஹெச்பி ஆக்கணும்னா அதோட மூணுல ஒரு பங்கு சேத்துக்கோங்க, 7.5 கூட 2.5 சேத்தா 10. துல்லியமா வேணும்னா ஹெச்பியை 0.7457ஆல பெருக்குங்க, கிலோவாட்டை 1.341ஆல பெருக்குங்க. கிலோவாட் நம்பர் எப்பவுமே ஹெச்பி நம்பரை விட சின்னதாதான் இருக்கணும், பெருசா வந்துச்சுன்னா தலைகீழா பெருக்கிட்டீங்கன்னு அர்த்தம்.

இப்ப நிறைய பேர் கோட்டை விடுற இடத்துக்கு வரேன், ஹெச்பின்னு சொல்றது ஒண்ணு இல்ல. ஜேம்ஸ் வாட் போட்ட கணக்குல ஒரு குதிரை நிமிஷத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை செய்யும், அதாவது 550 பவுண்டு எடையை ஒரு செகண்ட்ல ஒரு அடி தூக்குற பவர், அது 745.7 வாட். மெட்ரிக் பழகுன ஐரோப்பா பக்கம் அதையே 75 கிலோவை ஒரு செகண்ட்ல ஒரு மீட்டர் தூக்குறதுன்னு வச்சுக்கிட்டாங்க, அது 735.5 வாட்தான் வரும். இதைத்தான் கார் பிரோஷர்ல பிஎஸ்னு போடுறாங்க. 100 பிஎஸ் கார்னா 73.5 கிலோவாட், பழைய ஹெச்பில 98.6. வித்தியாசம் ஒன்றரை சதவீதம்கூட இல்லதான், ஆனா ரெண்டு காரை பக்கத்துல வச்சு ஒப்பிடும்போது ஒண்ணு பிஎஸ்லயும் இன்னொண்ணு பிஹெச்பிலயும் (இது ஜேம்ஸ் வாட் கணக்கு ஹெச்பிதான்) இருந்தா தப்பா முடிவு பண்ணிடுவோம், அதனால எதுவா இருந்தாலும் முதல்ல கிலோவாட்டுக்கு கொண்டு வந்துட்டு அப்புறம் பாருங்க.

அடுத்தது ஏசி. பிடியூங்கிறது வெப்பத்தோட அளவு, அது பவர் ஆகணும்னா "ஒரு மணி நேரத்துக்கு" சேரணும், ஆனா பெட்டில வெறும் பிடியூன்னுதான் போடுவாங்க. அந்த நம்பரை 3.412ஆல வகுத்தா வாட் கிடைக்கும். 1 டன்னு சொல்றது ஏசியோட எடை இல்லங்க, 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்துல உருக எவ்வளவு வெப்பம் வேணுமோ அந்த வேகத்துல வெப்பத்தை வெளிய தள்ளுறது, மணிக்கு 12,000 பிடியூ, அதாவது சுமார் 3.5 கிலோவாட். அப்போ ஒன்றரை டன் ஏசி 5.3 கிலோவாட் கரண்ட் இழுக்குமான்னு பயப்படாதீங்க, அது ரூம்ல இருந்து வெளிய தள்ளுற வெப்பம், இழுக்குற கரண்ட் அதை விட ரொம்ப கம்மி.

மோட்டார்ல கதை அப்படியே உல்டா. பிளேட்ல இருக்குற ஹெச்பி, மோட்டாரோட சுத்துற தண்டுல (ஷாஃப்ட்) கிடைக்குற பவர், உள்ள போற கரண்ட் அதை விட ஜாஸ்தி. 5 ஹெச்பி மோட்டாரோட எஃபிஷியன்சி 85 சதவீதம்னா 3.73ஐ 0.85ஆல வகுங்க, கிட்டத்தட்ட 4.4 கிலோவாட் வருது. கேபிளும் ஜெனரேட்டரும் பாக்கும்போது இந்த 4.4ல இருந்துதான் ஆரம்பிக்கணும், 3.7ல இருந்து இல்ல.