அண்டர் த வெதர்: எங்கே அழுத்துவது, எங்கே விழுங்குவது

போன மாரியில் காய்ச்சலோடு கிடந்தபோது ரொறன்ரோவில் இருக்கிற மருமகளிடம் ஃபோனில் "ஐ ஆம் அண்டர் த வெதர்" என்றேன். "ஏன் மாமா, யாழ்ப்பாணத்தில மழையோ?" என்றாள். உடம்பு சரியில்லை என்பதற்கான ஆங்கிலச் சொற்றொடர் சரிதான். எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொன்னதுதான் பிழை.

1. அசை பிரியுங்கோ. நாடிக்குக் (மோவாய்க்குக்) கீழே கையை வைத்துச் சொல்லி, நாடி எத்தனை தரம் இறங்குது என்று எண்ணுங்கோ. உயிரொலி ஒன்றுக்கு ஓர் அசை: அண்·டர்·த·வெ·தர், ஐந்து. யாப்பில் படித்த நேரசை, நிரையசையை இங்கே இழுக்க வேண்டாம். 'மலர்' அங்கே ஒரு நிரையசை, இங்கே இரண்டு அசை.

எங்கட ஆக்கள் விழுகிற குழி ஒன்று இருக்கு. முன்பின் தெரியாதவர்களோடு கதையைத் தொடக்குவது 'பிறேக் தி ஐஸ்'. இது மூன்றே அசை. தமிழில் எழுதினால் 'பி'யும் 'றே'யும் தனித்தனியாக நிற்பதால் நான்காக்கிவிடுகிறோம். பகரத்தில் இகரம் ஏறாமல் சொல்லிப் பழகுங்கோ. மிகச் சுலபமான வேலையைச் சொல்கிற 'பீஸ் ஒவ் கேக்'கும் அப்படித்தான்: மூன்று அசை. 'கேக்கு' என்று உகரம் ஒட்டினால் நான்கு.

2. கனமான சொல்லைப் பிடியுங்கோ. பெயர், வினை, பண்பு காட்டும் சொற்களுக்குக் கனம் உண்டு. பெரிய அழுத்தம் பெரும்பாலும் கடைசிக் கனச் சொல்லில் விழும். கடைசிச் சொல்லில் அல்ல. வேலை பிடிபடுவதைச் சொல்கிற 'கெற் த ஹாங் ஒவ் இற்'றில் அழுத்தம் 'ஹாங்'கில். 'அண்டர்' கனச் சொல் இல்லை, ஆனாலும் இரண்டு அசை இருப்பதால் 'அண்' கொஞ்சம் தலைதூக்கும்.

3. மிச்சத்தை விழுங்குங்கோ. இதுதான் கஷ்டம் என்பார்கள். எனக்கென்றால் தமிழருக்கு இது புதிதில்லை. 'பந்து' என்பதன் கடைசி உகரம் ஒரு மாத்திரையில் இருந்து அரையாகக் குறுகவில்லையா? ஆங்கிலத்தில் அந்தக் குறுக்கம் சொற்றொடரின் நடுவிலும் வரும். 'டர்', 'த', 'தர்' மூன்றிலும் இருப்பது ஒரே மங்கலான அகரம்தான், வாய் சோர்ந்து கிடக்கும்போது வருமே, அது. பிரித்தானிய உச்சரிப்பில் அந்தக் கடைசி ரகரங்களும் ஒலிக்காது.

மேசையில் தட்டிப் பாருங்கோ: டாம்·ட·ட·டாம்·ட. இரண்டாவது டாம்தான் பெரிசு.

இனி நீங்கள். அத்தி பூத்தாற்போல் நடப்பதற்கு 'வன்ஸ் இன் எ புளூ மூன்'. ஆறு அசை வந்தால் 'புளூ'வை இரண்டாக உடைச்சிட்டீங்கள்.