முட்டை ஓடு வெளிறினால் செய்யக்கூடாதவை

வெயில் ஏறும் வைகாசி, ஆனியில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கோழி வளர்க்கிற வீடுகளில் இந்தப் பேச்சு வரும்: "போன மாதம் நல்ல சிவப்பாக இட்ட கோழி, இப்ப வெள்ளையாக இடுது." உடனே தீனியில் கை வைப்பார்கள். சோளத்தைக் கூட்டுவார்கள், முருங்கை இலையை ஒடித்துப் போடுவார்கள். அதிகம் நடக்கிற தவறு இதுதான். சோளமும் கீரையும் மஞ்சள் கருவைத்தான் நிறமாக்கும். ஓட்டின் நிறம் இனத்தோடு வருவது. ஷேவர் பிறவுன் என்ற முட்டைக் கோழி இனம் சிவப்பாக இடும், நம் ஊர்க்கோழி பெரும்பாலும் இளம் பழுப்பாக இடும். புதுச் சேவல் விட்டதால் நிறம் மாறியது என்பதும் சரியல்ல. அந்தச் சேவலுக்குப் பிறக்கிற பேடுகள் இடும் முட்டையில்தான் அதன் பங்கு தெரியும்.

முட்டை கோழிக்குள்ளே ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் எடுக்கும். சிவப்பு நிறத்தைத் தருகிற புரோட்டோபோர்ஃபிரின் என்ற நிறமியில் பெரும்பகுதி கடைசிச் சில மணி நேரத்தில்தான் மேலே படியும். சுவர் எழும்பி முடிந்த பிறகு பூசுகிற வர்ணம் போல. அந்த நேரத்தில் கோழி கலவரப்பட்டால் பூச்சு குறையும். பயத்தில் முட்டையை வெளிவிடாமல் பிடித்து வைத்திருந்தால் வர்ணத்துக்கு மேலே இன்னொரு மெல்லிய சுண்ணாம்புப் படலம் ஏறி, முட்டை சாம்பல் படிந்ததுபோல வரும். ஆகவே வெளிறிய முட்டையைக் கண்டால் முதலில் கூட்டைச் சுற்றிப் பாருங்கள். கீரி வந்ததா, மரநாய் வந்ததா, நாய் துரத்தியதா? இரவில் டோர்ச் அடித்துக் கூட்டு மரத்தின் இடுக்குகளையும் பாருங்கள். பகலில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கிற செள்ளு அங்கேதான் இருக்கும். இதையெல்லாம் பார்க்காமல் கூட்டை இடம் மாற்றினால் கோழிக்கு இன்னும் கலவரம்.

கோழிக்கு வயது ஏற முட்டை பெரிதாகும், நிறமி அதே அளவுதான். அதே வர்ணத்தைப் பெரிய சுவருக்குப் பூசினால் வெளிறத்தானே செய்யும்? இறகு உதிர்த்து முளைத்த பிறகு நிறம் ஓரளவு திரும்பும். "இது முடிஞ்சு போச்சு" என்று அவசரப்பட்டு அந்தக் கோழியைச் சட்டிக்கு அனுப்ப வேண்டாம்.

வெயில் விஷயத்தில் வன்னிக்கென்றே ஒரு தொல்லை உண்டு, தகரக் கூரை. மீளக் குடியேறிய காலத்தில் கிடைத்த தகரத்தையே பலர் கோழிக்கூட்டுக்கும் போட்டார்கள். அதன் கீழே கோழி வாயைத் திறந்து இளைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓடு கட்டுவதற்கு வேண்டியதும் குறையும். அப்போது ஓடு மெலியும். சிப்பித் தூளை அள்ளிப் போட்டு மட்டும் இதைச் சரி செய்ய முடியாது. தகரத்துக்கு மேலே கிடுகு வேயுங்கள், பகலில் இரண்டு மூன்று தடவை குளிர்ந்த தண்ணீர் மாற்றுங்கள். சிப்பியைத் தனிச் சட்டியில் வையுங்கள், முட்டையிடும் கோழி வேண்டியதை எடுத்துக்கொள்ளும். குஞ்சுகளின் தீனியில் அதைக் கலக்காதீர்கள், சிறுநீரகம் கெட்டுவிடும்.

எங்கள் பக்கத்து வளவில் ஒருமுறை லேயர் தீனி, அதாவது முட்டைக் கோழித் தீனி முடிந்து, கடையில் கிடைத்த புறொய்லர் தீனியை, அதாவது இறைச்சிக் கோழித் தீனியைப் போட்டார்கள். இரண்டு மூன்று நாளில் சிவப்பு முட்டை எல்லாம் வெள்ளை. சில புறொய்லர் தீனிகளில் இரத்தக்கழிச்சலுக்காக நிக்கார்பசின் என்ற மருந்து இருக்கும். அது ஓட்டின் நிறத்தையே அழித்துவிடும், அடை வைத்த முட்டை பொரிப்பதும் குறையும். நிறுத்தினால் சில நாளில் நிறம் திரும்பும். சாக்கில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமல் தீனி மாற்றுவது எனக்கு மிகவும் கவலை தருகிற பழக்கம். அந்த முட்டையைப் பிள்ளைகளும்தானே சாப்பிடுகிறார்கள்!

ஒரு கோழி மட்டும் வெளிறினால் பொறுத்துப் பார்க்கலாம். எல்லாம் ஒன்றாக வெளிறினால் பொறுக்கக் கூடாது. தீனி மாறாமல், கூடவே தோல் முட்டை, சுருக்கம் விழுந்த ஓடு, தண்ணீர் போன்ற வெள்ளைக் கரு என்று வந்தால் நோய் நுழைந்திருக்கலாம். ராணிக்கெட் என்ற கோழி நோயும் மூச்சுக்குழல் தொற்றும் இப்படித்தான் முட்டையில் தெரியும். 1976இல் கண்டறியப்பட்ட முட்டை வீழ்ச்சி நோயில் நிறம் போவதே முதல் அடையாளம். அந்தக் கிருமிக்கு வாத்துதான் இயல்பான இருப்பிடம். குளக்கரை வீடுகளில் வாத்தும் கோழியும் ஒரே சட்டியில் தண்ணீர் குடிப்பது சாதாரணம், அதைப் பிரித்து வையுங்கள். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு வாரமாவது தனியே கட்டி வளர்த்த பிறகு மற்றவற்றோடு விடுங்கள்.

இந்த நோய்கள் வைரசால் வருபவை. கடையில் வாங்கிய அன்டிபயோட்டிக்கைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் வைரஸ் சாகாது, மருந்து முட்டையில்தான் தங்கும். மிருக வைத்தியரிடம் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள்: எந்த நாளில் நிறம் மாறியது, எத்தனை கோழி, கடைசியாகத் தடுப்பூசி போட்டது எப்போது என்று ஒரு துண்டில் எழுதி, அன்றைக்கு இட்ட இரண்டு முட்டையையும் தீனிச் சாக்கின் சீட்டையும் எடுத்துப் போங்கள்.