எபிரெயர் நிருபமும் நான் போட்ட முட்டையும்

சில வருடங்களுக்கு முன் கிருஷ்ணகிரியில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வேத வினாடி வினா வைத்தோம். வினாத்தாள் தயாரித்தது நான். 'எபிரெயர் நிருபத்தை எழுதியது யார்?' என்று ஒரு கேள்வி. (நிருபம் என்றால் கடிதம்; இது புதிய ஏற்பாட்டில் உள்ள ஒன்று.) விடைத்தாளில் 'பவுல்' என்று குறித்து வைத்திருந்தேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, 'தெரியாது, பெயர் போடவில்லை' என்று எழுதியிருந்தாள். முட்டை போட்டேன். வேதத்தைக் கரைத்துக் குடித்த ஆதித் திருச்சபை அறிஞர் ஓரிகன் மூன்றாம் நூற்றாண்டிலேயே, 'அதை எழுதியது யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும்' என்ற பொருளில் சொல்லியிருக்கிறார் என்பதை வெகுநாள் கழித்துத்தான் படித்தேன்.

என் தவறு எளிமையானது. தலைப்பையும் வசனத்தையும் ஒன்றாக நினைத்துவிட்டேன். 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பதிப்பு தலைப்பிலேயே பவுல் பெயரைப் போட்டது. ஆனால் நிருபத்துக்குள் அந்தப் பெயர் எங்கும் இல்லை. அதோடு, எபிரெயர் 2:3-ல் எழுதியவர், ஆண்டவரிடம் கேட்டவர்கள் மூலம்தான் செய்தி தமக்கு உறுதியானது என்கிறார். கலாத்தியர் முதல் அதிகாரத்தில் பவுலோ, தாம் மனுஷரால் அதைப் பெறவில்லை என்று அடித்துச் சொல்கிறார். நான்கு சுவிசேஷங்களும் இப்படித்தான். 'மத்தேயுவாகிய நான்' என்று மத்தேயு எங்கும் தொடங்குவதில்லை. நான்கு பெயர்களையும் சேர்த்துச் சொல்பவர் ஆதித் திருச்சபை ஆயர் ஐரேனியு, ஏறக்குறைய கி.பி. 180-ல். அந்த மரபை லேசாகத் தள்ளிவிட முடியாது, ஆனாலும் மரபு வேறு, வசனம் வேறு. வசன எண்களும் அப்படித்தான்; புதிய ஏற்பாட்டுக்கு அவை வந்ததே 1551-ல்.

அடுத்தது, 'எழுதினார்' என்றவுடன் ஒருவர் தனியாக உட்கார்ந்து கையில் எழுதுகோல் பிடித்ததாகக் கற்பனை செய்வது. சார்பதிவாளர் அலுவலகப் பக்கம் போனவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பத்திரத்தில் 'எழுதிக் கொடுப்பவர்' என்று இருக்கும். அவர் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார். எழுதியது வெளியே மேசை போட்டிருக்கும் பத்திர எழுத்தர். ஆனாலும் பத்திரம் யாருடையது என்பதில் சந்தேகமே வராது. ரோமர் 16:22-ஐப் பாருங்கள்: 'இந்த நிருபத்தை எழுதின தெர்தியுவாகிய நான்' என்று இடையில் ஒருவர் தலைகாட்டி வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார். பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் அவர். எரேமியா 36 இன்னும் சுவையானது. எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தன் பாருக்கு எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா சூரிக்கத்தியால் அறுத்து அறுத்துக் கணப்பில் போடுகிறான். எரேமியா திரும்பவும் சொல்ல, பாருக்கு திரும்பவும் எழுதுகிறான். இந்த முறை இன்னும் பல வார்த்தைகள் சேர்கின்றன. ஒரு தீர்க்கதரிசன நூலின் இரண்டாம் பதிப்பு! மோசே எழுதியதாக மரபு சொல்லும் உபாகமத்தின் கடைசி அதிகாரத்தில் மோசேயின் மரணம் இருக்கிறதே என்று கேட்டால் சில இடங்களில் முறைப்பார்கள். அந்தக் கடைசி எட்டு வசனங்களை யோசுவா எழுதினார் என்று யூதர்களின் பழைய சமய நூலான தல்மூதிலேயே ஒரு கருத்து உண்டு. கேள்வி நேற்று முளைத்ததல்ல.

ஒரே பெயர் என்றால் ஒரே ஆள் என்று நினைப்பதும் உண்டு. தருமபுரிக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். தகடூர் அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவையும், பிள்ளைகள் ஒப்பிக்கும் ஆத்திசூடியைப் பாடிய ஔவையும் பல நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்கள். ஏசாயாவின் முதல் பகுதிக்கு கி.மு. எட்டாம் நூற்றாண்டுப் பின்னணி. 40-ஆம் அதிகாரத்திலிருந்து பாபிலோன் சிறையிருப்பின் குரல் கேட்கிறது. 45:1-ல் பிற்காலத்துப் பாரசீக ராஜா கோரேசுவின் பெயரே வருகிறது. இது பிற்காலத்தவர் கை என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள்; ஏசாயாவே முன்னறிவித்தார் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வகுப்பில் இரண்டையும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்லி அனுப்பினால், மற்றதைப் பிள்ளை யூடியூபில் கேட்டுவிட்டு வரும்.

கேட்டுவிட்டு வந்தபின் நடப்பது எதிர்ப்பக்கத் தவறு: 'பெயர் இல்லையா, அப்படியானால் எல்லாம் கட்டுக்கதை.' நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலும் நடுகற்கள் ஏராளம். ஆநிரை மீட்டுச் செத்தவன் யார், அப்போது ஆண்ட அரசன் யார் என்று கல் சொல்லும். செதுக்கியவன் பெயர் பெரும்பாலும் இருக்காது. அதற்காகக் கல்லைப் பொய் என்போமா? ஆனால் பெயர் போடாமல் எழுதுவது வேறு, இன்னொருவர் பெயரில் எழுதுவது வேறு. பவுல் பெயரிலுள்ள 13 நிருபங்களில் ஏழு நிருபங்கள் அவருடையவையே என்பதில் அறிஞர்களிடையே தகராறு கிடையாது; மற்ற ஆறில் உண்டு. அங்கே நடுகல் உதாரணம் செல்லாது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தகராறை எடைபோட மொழிநடை, காலம், பழங்கால எழுத்து வழக்கம் எல்லாம் தெரிய வேண்டும். முறையான படிப்பு தேவைப்படுவது இங்கேதான்.

உடனே ஒருவர் எழுந்து, 'பேதுரு எந்தக் காலேஜில் படித்தார்?' என்பார். அப்போஸ்தலர் 4:13 கைவசம் இருக்கும். அங்கே பேதுருவையும் யோவானையும் படிப்பறியாதவர்கள் என்று எடைபோட்டது அவர்களை விசாரித்த யூத ஆலோசனைச் சங்கத்தார் என்பதை மறந்துவிடுவார். பவுல், யூத வேத ஆசிரியர் கமாலியேலின் பாதத்தருகே படித்தவர். அப்பொல்லோ வேதத்தில் வல்லவன் என்று பேரெடுத்த பிறகும், கூடாரம் தைக்கிற ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியிடம் இன்னும் திட்டமாகக் கற்றுக்கொண்டார். எலத்தகிரியில் இருக்கும் என் கத்தோலிக்க நண்பரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். அவர்கள் திருச்சபையின் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே, வேதத்தின் மனித ஆசிரியர்களும் உண்மையான ஆசிரியர்களே என்றும், அவர்களின் நடையையும் இலக்கிய வகையையும் ஆராய வேண்டும் என்றும் சொல்லிவிட்டதாம்.

சரி, எங்கே படிப்பது? வங்காளத்திலுள்ள செராம்பூர் கல்லூரி 1818-ல் தொடங்கியது. பட்டம் வழங்கும் சாசனம் 1827-ல் டென்மார்க் அரசரிடமிருந்து வந்தது. பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி, மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆகியவை செராம்பூரோடு இணைந்தவை. போதகராகும் எண்ணம் இல்லாதவர்கள் வேலை பார்த்துக்கொண்டே படிக்கவும் செராம்பூரில் வெளிப்படிப்பு இருக்கிறது. எதில் சேர்ந்தாலும் பட்டம் தருவது யார், அதை வேறு யார் ஏற்கிறார்கள், பரீட்சை உண்டா என்று முதலில் கேளுங்கள். பணம் கட்டினால் இரண்டே மாதத்தில் டாக்டர் பட்டம் என்றால், செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.