வெப்பத்துக்கான அரசுக் கொள்கையைப் படிப்பது எப்படி?

உலகம் பயன்படுத்தும் ஆற்றலில் ஏறக்குறைய பாதி வெப்பமாகவே செலவாகிறது. வீட்டைச் சூடாக்குவது, தண்ணீர் காய்ச்சுவது, ஆலையில் நீராவி எடுப்பது, இரும்பையும் கண்ணாடியையும் உருக்குவது எல்லாம் இதில் சேர்த்தி. அதில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியையும் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்துத்தான் வருகிறது. ஆகவே ஓர் அரசு குறைந்த கார்பன் வெப்பம் என்றோ தொழில்துறை உமிழ்வுக் குறைப்பு என்றோ தலைப்பிட்டு ஆவணம் வெளியிட்டால் அதை நான் விடாமல் படித்துவிடுவேன். ஆலைகளில் பாய்லர், உலை, நீராவிக் குழாய்களை அளந்து எரிபொருள் எங்கே போகிறது என்று கணக்குச் சொல்வது என் தொழில். நான் போகும் ஆலைகள் அடுத்து என்ன வாங்கும் என்பதை இந்த ஆவணங்கள்தான் தீர்மானிக்கின்றன.

படிக்கும்போது ஒரே கேள்வியைத்தான் மனதில் வைத்திருப்பேன். பழைய பாய்லர் பழுதாகி நிற்கும் அன்று, புதியதற்குப் பணம் கட்டப் போகிறவர் வேறு வகை இயந்திரத்தை வாங்க இந்த ஆவணம் காரணம் தருகிறதா? இலக்கு, ஆண்டு, சதவீதம் எதுவாக இருந்தாலும் இந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். பென்சிலும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னுரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைசியில் இருக்கும் வரையறைகளையும் இணைப்புகளையும் முதலில் படியுங்கள். விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

முதலில் தேட வேண்டியது விலை. மின்சாரம் ஒரு யூனிட் என்ன விலை, அதே அளவு ஆற்றல் தரும் எரிவாயு என்ன விலை என்று இரண்டையும் எழுதி (யூனிட் என்று இங்கே சொல்வது கிலோவாட் மணி), முதலாவதை இரண்டாவதால் வகுத்துக்கொள்ளுங்கள். நல்ல எரிவாயு பாய்லர் 1 யூனிட் வாயுவிலிருந்து சுமார் 0.9 யூனிட் வெப்பம் தரும். ஹீட் பம்ப் என்பது குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பி வைத்த மாதிரி. வெளிக்காற்றிலோ மண்ணிலோ இருக்கும் வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளும் என்பதால், 1 யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். 3-ஐ 0.9-ஆல் வகுத்தால் 3.3. மின்சார விலை எரிவாயு விலையைப் போல 3.3 மடங்குக்குள் இருந்தால் ஹீட் பம்ப் வைத்திருப்பவரின் மாதச் செலவு குறையும். அதைத் தாண்டினால் கூடும். கடுங்குளிரில் ஹீட் பம்பின் திறன் 2.5 வரை இறங்கலாம், அப்போது எல்லைக்கோடு 2.8-க்கு வந்துவிடும்.

பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2028-க்குள் ஆண்டுக்கு 6 லட்சம் ஹீட் பம்ப் என்று அரசு இலக்கு வைத்தது. 2022-இல் 5,000 பவுண்டாகத் தொடங்கிய மானியத்தை 2023 அக்டோபரில் 7,500 பவுண்டாக உயர்த்தியது. ஆனால் அங்கே மின்சாரம் பல ஆண்டுகளாக எரிவாயுவைப் போல ஏறக்குறைய 4 மடங்கு விலை. சுற்றுச்சூழல் திட்டங்களின் செலவைப் பெரும்பாலும் மின்கட்டணத்தில் ஏற்றி வைத்ததும் அதற்கு ஒரு காரணம். 2024-இல் அங்கே விற்ற ஹீட் பம்ப்கள் ஏறக்குறைய 1 லட்சம்தான். வாங்கும்போது மானியம் கொடுத்துவிட்டு, வாங்கிய பிறகு ஒவ்வொரு மாதமும் கூடுதல் பில் அனுப்பினால் யார் வாங்குவார்கள்? சுவீடன் 1991-லேயே கார்பன் வரி போட்டு, பிறகு படிப்படியாக உயர்த்தியது. வீடுகளைச் சூடாக்க எண்ணெய் எரிப்பது அங்கே கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. ஆகவே உங்கள் கையில் இருக்கும் ஆவணத்தில் விலை விகிதத்தைத் தொடும் அத்தியாயம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைத்தான் முதல் குறையாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, வெப்பநிலை. இதைத்தான் கொள்கை எழுதுகிறவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். தொழில்துறை வெப்பம் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால், எந்த ஆலைக்கு எந்த வழி என்பதே தெரியாமல் போய்விடும். பாலைப் பாஸ்டரைஸ் செய்ய 72 டிகிரியில் 15 விநாடி போதும். துணிக்குச் சாயம் ஏற்றும் வேலை பெரும்பாலும் 130 டிகிரிக்குள் முடிந்துவிடும். அரைத்துச் சிமென்டாக்கும் கிளிங்கர் கட்டிகளைச் சுட 1,450 டிகிரி வேண்டும், கண்ணாடி உருக்க 1,500-ஐ ஒட்டி வேண்டும். சுமார் 150 டிகிரி வரை கொடுக்கும் தொழிற்சாலை ஹீட் பம்ப்கள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. அதற்கு மேலே போகப் போக மின் பாய்லர், மின் உலை, ஹைட்ரஜன், கார்பனைப் பிடித்துச் சேமிப்பது என்று வழிகளும் மாறும், செலவும் ஏறும். ஆவணத்தில் இப்படி வெப்பநிலைவாரியாகப் பிரித்த அட்டவணை இருந்தால் அதை எழுதியவர் ஆலைக்குள் போயிருக்கிறார் என்று நம்பலாம். இல்லாவிட்டால் நீங்களே ஒன்று போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மானியமும் எந்த வரிசையில் விழுகிறது என்று குறியுங்கள்.

சிமென்டைத் தனியாகப் பாருங்கள். சிமென்ட் உற்பத்தியில் வெளியேறும் கரியமில வாயுவில் சுமார் 60 சதவீதம் எரிபொருளிலிருந்து வருவதல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும்போது கல்லுக்குள்ளிருந்தே வருவது. சூளைக்கு மாற்று எரிபொருள் கொடுத்தால் சிமென்ட் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று ஒரு ஆவணம் சொன்னால், அது மீதி 40 சதவீதத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கிளிங்கரின் அளவைக் குறைத்து சாம்பல், உலைக் கசடு, சுட்ட களிமண் ஆகியவற்றைச் சேர்ப்பதற்கு விதி இருக்கிறதா? அரசே வாங்கும் சிமென்டுக்கு அந்த விதி பொருந்துமா? பொதுப்பணி டெண்டரில் பழைய கலவையையே கேட்டுக்கொண்டிருந்தால் எந்த ஆலையும் மாறாது. கார்பனைப் பிடிக்கும் வழியும் இருக்கிறது. நார்வேயின் பிரேவிக் சிமென்ட் ஆலையில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் அமைப்பு 2025-இல் திறக்கப்பட்டது. அது அந்த ஆலையின் உமிழ்வில் ஏறக்குறைய பாதி.

ஹைட்ரஜன் என்ற சொல் வரும் இடங்களில் எல்லாம் அது எங்கே போகப் போகிறது என்று கேளுங்கள். மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும்போது ஏறக்குறைய 30 சதவீத ஆற்றல் போய்விடும். அதை வீட்டு பாய்லரில் எரித்தால் 1 யூனிட் மின்சாரத்துக்குக் கடைசியில் 0.6 யூனிட் வெப்பம்தான் மிஞ்சும். அதே மின்சாரத்தில் ஹீட் பம்ப் 3 யூனிட் தருகிறது. அதனால் வீடுகளுக்கு ஹைட்ரஜன் என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. இரும்புத் தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கவும் உரம் தயாரிக்கவும் அது வேண்டும், அங்கே மாற்று குறைவு. பிரிட்டன் ஒரு கிராமம் அளவுக்கு வீடுகளை ஹைட்ரஜனுக்கு மாற்றிப் பார்க்கத் திட்டமிட்ட இரண்டு இடங்களையும் 2023-இல் கைவிட்டது.

இனி இலக்கைப் படிக்கலாம். சதவீதம் எதன் சதவீதம் என்று பாருங்கள். மொத்த உமிழ்வா, ஒரு டன் உற்பத்திக்கான உமிழ்வா? இரண்டாவதை உமிழ்வுச் செறிவு என்பார்கள். ஒரு ஆலை 10 லட்சம் டன் பொருள் செய்கிறது, டன்னுக்கு 0.8 டன் கரியமில வாயு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8 லட்சம் டன். செறிவை 10 சதவீதம் குறைத்து 0.72-க்குக் கொண்டுவந்து, உற்பத்தியை 25 சதவீதம் கூட்டினால் மொத்தம் 9 லட்சம் டன். இலக்கு நிறைவேறியது, புகை கூடியது. இந்தியாவில் ஆலைகளின் ஆற்றல் சேமிப்புக்காக 2012-இல் தொடங்கிய பாட் (PAT) திட்டம் உற்பத்தி அலகுக்கு எவ்வளவு ஆற்றல் என்று கணக்கிட்டது. 2023-இல் அறிவிக்கப்பட்ட கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டமும் செறிவு இலக்கையே வைத்திருக்கிறது. தொழில் வளர வேண்டிய ஒரு நாட்டில் அப்படி வைப்பதற்கு நியாயம் இருக்கிறது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் செறிவு இலக்கைப் படித்துவிட்டு மொத்த உமிழ்வு குறையும் என்று எழுதக் கூடாது.

உமிழ்வு வர்த்தகம் இருந்தால், அதாவது வெளியிடும் ஒவ்வொரு டன்னுக்கும் ஆலை ஓர் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும், சீட்டுகளை வாங்கவும் விற்கவும் செய்யலாம் என்ற ஏற்பாடு இருந்தால், சீட்டுகளை எத்தனை இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்ற பக்கத்தைத் தேடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் தொடங்கியபோது தேவைக்கு மேல் கொடுத்துவிட்டது. 2007-இல் சீட்டின் விலை பூஜ்ஜியத்தை ஒட்டி விழுந்தது. இப்போது 2026 முதல் 2034 வரை, எல்லையில் இறக்குமதிக்கு கார்பன் கட்டணம் வரும் துறைகளுக்கு இலவசச் சீட்டுகளைப் படிப்படியாக நிறுத்துகிறார்கள். இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் அங்கே அனுப்பும் ஆலைகள் இந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்வது நல்லது.

மானியப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். பணம் எதற்கு என்று பாருங்கள், இயந்திரம் வைத்ததற்கா, வெப்பம் எடுத்ததற்கா? வட அயர்லாந்தில் 2012-இல் மரத்துகள் பாய்லர்களுக்கு, எடுக்கும் வெப்பத்தின் அளவுக்கேற்ப பணம் கொடுத்தார்கள். எரிபொருளுக்கு ஆகும் செலவைவிட அந்தப் பணம் கூடுதலாக இருந்தது, உச்சவரம்பும் வைக்கவில்லை. எரிக்க எரிக்க லாபம். 2016-இல் திட்டத்தை மூடினார்கள், அந்தச் சர்ச்சையில் 2017 ஜனவரியில் ஆட்சியே கவிழ்ந்தது. பிரிட்டனின் மற்ற பகுதிகளில் நடந்த இதே போன்ற திட்டத்தில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வெப்பம் எடுத்தால் விகிதம் குறையும் என்று ஒரு விதி இருந்தது. வட அயர்லாந்தின் விதிகளில் அது இல்லை. ஆகவே மானிய விகிதத்தைப் பார்த்ததும், ஒரு யூனிட் வெப்பத்துக்கு ஆகும் எரிபொருள் செலவைப் பக்கத்திலேயே எழுதிப் பாருங்கள்.

எனக்கு இதில் ஒரு தீராத ஆதங்கம் உண்டு. நான் போகும் பல ஆலைகளில், நீராவியைத் தடுத்து குளிர்ந்த நீரை மட்டும் வெளியேற்ற வேண்டிய ஸ்டீம் ட்ராப் ஒழுகிக்கொண்டிருக்கும். வால்வுகளுக்கு வெப்பக் காப்பு இருக்காது. நீராவி குளிர்ந்து சுடுநீராகத் திரும்பும் கண்டென்சேட், 80, 90 டிகிரி சூட்டோடு சாக்கடைக்குப் போகும். அந்த நீரை பாய்லருக்குத் திருப்பினாலே எரிபொருள் மிச்சம், தண்ணீரும் மிச்சம். ஆனால் கொள்கைகள் புதிய இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தை ஒழுகலை அடைக்கக் கொடுப்பது அபூர்வம். ஒழுகும் அமைப்பின் தேவையை அளந்து புதிய இயந்திரம் வாங்கினால் வேண்டியதைவிடப் பெரியதாக வாங்க நேரும், பிறகு அது பாதித் திறனில் ஓடும். வீடுகளுக்கும் இதே கதைதான், முதலில் கூரையையும் சுவரையும் அடைக்க வேண்டும். மானியம் பெறும் முன் தணிக்கையும் பழுதுநீக்கமும் கட்டாயம் என்ற வரி ஆவணத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அடிக்கோடு போடுங்கள், இல்லையென்றால் நிச்சயம் கேளுங்கள்.

பணம் இருந்தும் திட்டம் விழலாம். பிரிட்டன் 2020-இல் 6 லட்சம் வீடுகளை மேம்படுத்த 150 கோடி பவுண்டு ஒதுக்கியது. அவசரமாகத் தொடங்கியதால் சான்று பெற்ற பணியாளர்கள் போதவில்லை, சில மாதங்களிலேயே மூடினார்கள். பலன் அடையும் வீடுகள் சுமார் 47,500 என்று தேசியத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. வேலையாட்களுக்குப் பயிற்சி என்ற அத்தியாயம் எத்தனை பக்கம், அதற்குத் தனி நிதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், காலக்கணக்கு. பாய்லர் 15, 20 ஆண்டு ஓடும். 2050-இல் நிகர பூஜ்ஜியம், அதாவது வெளியிடும் அளவில் உறிஞ்சும் அளவைக் கழித்தால் மீதி இல்லை என்றால், கடைசி எரிவாயு பாய்லர் 2035 வாக்கில் விற்றாக வேண்டும். ஆவணம் 2050-ஐச் சொல்லி 2035-ஐப் பற்றி மௌனமாக இருந்தால் 2050 இலக்கு நடக்காது. நார்வே கட்டடங்களைச் சூடாக்க கனிம எண்ணெய் எரிப்பதை 2020 முதல் தடை செய்தது. ஆனால் தடைக்கு முன் மாற்று தயாராக இருக்க வேண்டும். டென்மார்க் 1979-இல் வெப்ப வழங்கல் சட்டம் கொண்டுவந்து, எந்தப் பகுதிக்கு எந்த வெப்பம் என்று உள்ளாட்சிகளைத் திட்டமிட வைத்தது. இன்று அங்கே மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு வெப்பம் பொதுக் குழாயில் வருகிறது. ஜெர்மனி 2023-இல் வெப்பச் சட்டம் கொண்டுவந்தபோது, உள்ளூர்த் திட்டம் முன்பா வீட்டுக்காரரின் கடமை முன்பா என்பதிலேயே பெரிய சண்டை நடந்தது. வரிசை முக்கியம்.

மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதையும் ஒரு வரியில் சரிபார்த்துவிடுங்கள். எரிவாயு பாய்லரில் 1 யூனிட் வெப்பத்துக்குச் சுமார் 0.22 கிலோ கரியமில வாயு. ஹீட் பம்புக்கு, உங்கள் மின்தொகுப்பில் (மின்சாரம் வரும் பொது வலைப்பின்னலில்) ஒரு யூனிட் மின்சாரத்துக்கான உமிழ்வை 3-ஆல் வகுக்க வேண்டும். யூனிட்டுக்கு 0.66 கிலோவுக்குக் கீழே இருந்தால் ஹீட் பம்ப் வைத்தால் இன்றைக்கே உமிழ்வு குறையும். அதற்கு மேலே இருந்தால் மின்தொகுப்பு மாறும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிலக்கரி பாய்லரோடு ஒப்பிட்டால் இந்தக் கவலையே பெரிதாக இல்லை. ஹீட் பம்புக்குள் சுற்றும் குளிரூட்டும் வாயு எது என்ற விதியும் வேண்டும். பழைய ஆர்-410ஏ வாயு 1 கிலோ கசிந்தால் 2,000 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவுக்குச் சமம், புரொப்பேன் அப்படி இல்லை.

கடைசி வேலை, கருத்து அனுப்புவது. வரைவுக்கு மக்கள் கருத்துக் கேட்கும் காலம் பெரும்பாலும் சில வாரங்கள்தான், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆதரவு, எதிர்ப்பு என்று பொதுவாக எழுதினால் அதிகாரி அதை எண்ணிக்கையில் சேர்ப்பார், அவ்வளவுதான். பக்க எண், பத்தி எண், இப்போது இருக்கும் வாசகம், நீங்கள் கேட்கும் வாசகம், அதற்கான கணக்கு என்று எழுதுங்கள். ஒரு கடிதத்துக்கு இரண்டு, மூன்று திருத்தங்கள் போதும். ஆலை நடத்துகிறவராக இருந்தால் ஓராண்டு எரிபொருள் அளவையும் நீராவி எத்தனை டிகிரியில் தேவைப்படுகிறது என்பதையும் இணைப்பில் கொடுங்கள். வரைவு எழுதுகிறவர்களிடம் பெரும்பாலும் இல்லாத விவரம் அதுதான். வணிக ரகசியம் என்று நினைக்கும் எண்களை வெளியிட வேண்டாம் என்று கடிதத்தின் மேலேயே தெளிவாகக் குறிப்பிட்டுவிடுங்கள்.