வ்யூஃபைண்டரா, திரையா: எதைப் பார்த்து எடுப்பது?
உச்சி வெயிலில் டிஎஸ்எல்ஆர் கேமராவின் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) பின்பக்கத் திரையில் ஒன்றுமே தெரியாது, அப்போது தயங்காமல் ஆப்டிகல் வ்யூஃபைண்டரில், அதாவது திரைக்கு மேலே இருக்கும் சின்ன ஜன்னலில், கண்ணை வையுங்கள். முதலில் அதன் ஓரத்தில் இருக்கும் சின்ன டையாப்டர் சக்கரத்தை (உங்கள் பார்வைக்கேற்ப வ்யூஃபைண்டரைச் சரிசெய்வது) திருப்பி, உள்ளே தெரியும் எண்கள் கூர்மையாகும்வரை சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமலே லென்ஸைக் குறை சொல்கிறவர்கள் நிறைய. ஓடுகிற குழந்தை, பறக்கிற பறவைக்கெல்லாம் இதுதான் சரி, ஏனென்றால் லென்ஸ் வழியே வந்து உள்ளே இருக்கும் கண்ணாடியில் பட்டு நேராக வரும் வெளிச்சத்தைப் பார்க்கிறீர்கள், தாமதமே கிடையாது.

ஆனால் படம் எவ்வளவு வெளிச்சமாக விழும் என்று அது காட்டாது. அப்புறம், ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர்களில் சட்டகத்தில் சுமார் 95 சதவீதம்தான் தெரியும், ஓரத்தில் ஒரு மின்கம்பி நுழைந்துவிடலாம்.

முக்காலியில் வைத்து நிதானமாக எடுக்கும்போது திரைக்கு மாறுங்கள்: பூவின் மகரந்தத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, கையாலேயே ஃபோகஸ் வளையத்தைத் திருப்பலாம். பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும்.