24 லட்சம் பைட் அதிகம்: ஹார்டு டிஸ்க்கை இமேஜ் எடுப்பது எப்படி

என் மேசைக்கு வருவதெல்லாம் பெரிய குற்ற வழக்கு இல்லை. பங்குதாரர்களுக்குள் சண்டை, கணக்குக் கோப்பை அழித்துவிட்டுப் போன ஊழியர், இப்படித்தான். ஆனாலும் ஆதாரமாக வரும் டிஸ்க்கைக் கையாளும் முறையில் மாற்றம் கிடையாது: மூலத்தில் எதையும் மாற்றாமல், அதன் ஒவ்வொரு பைட்டையும் அப்படியே நகலெடுக்க வேண்டும். அந்த நகல்தான் இமேஜ்.

முதல் வேலை பேனாவும் கேமராவும். கம்பெனி, மாடல், சீரியல் எண், செக்டார் (டிஸ்க்கில் தரவு வைக்கும் சிறு துண்டு) எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதுங்கள். பறிமுதல் மகஜரில் உள்ள சீரியல் எண்ணோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையென்றால் கேபிளைத் தொடவே வேண்டாம், வழக்குரைஞரைக் கூப்பிடுங்கள்.

அடுத்து ரைட் பிளாக்கர், அதாவது டிஸ்க்கைப் படிக்கவிட்டு, அதில் எழுதவிடாமல் தடுக்கும் கருவி. டிஸ்க்கை நேரடியாக விண்டோஸில் செருகினால், நீங்கள் ஒரு கோப்பைக்கூடத் திறக்காவிட்டாலும் அது பாட்டுக்கு எதையாவது எழுதிவைக்கும். பிளாக்கரையும் நம்பிவிடாதீர்கள். ஒரு பழைய டிஸ்க்கை மாட்டி ஹாஷ் (தரவிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண், தரவு மாறினால் அதுவும் மாறும்) எடுத்து, வேண்டுமென்றே எழுதிப் பார்த்து, மறுபடி ஹாஷ் எடுங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் மாதம் ஒருமுறை இதைச் செய்கிறேன்.

இமேஜ் எடுக்க லினக்ஸில் கைமேஜர் என்ற மென்பொருள் போதும். மூலத்தையும் இமேஜையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வசதி அதிலேயே இருக்கிறது. ஆரம்பத்தில் எனக்கு லினக்ஸின் நகலெடுக்கும் டிடி கட்டளை மீதுதான் மோகம். ஒருமுறை 1 டிபி டிஸ்க்கை, ஒரு வாய்க்கு (ஒரு தடவை படிக்கும் அளவு) 4 எம்பி வீதம், நோஎரர் (படிக்கத் தவறினாலும் நிற்காதே), சிங்க் (குறையும் இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பு) இரண்டையும் சேர்த்துப் போட்டு ஓடவிட்டேன். முடிந்ததும் மூலத்தின் ஹாஷ் ஒன்று, இமேஜின் ஹாஷ் வேறொன்று. வியர்த்துவிட்டது.

கோப்பின் அளவைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. டிஸ்க்கில் இருந்தவை 1,95,35,25,168 செக்டார்கள், ஒவ்வொன்றும் 512 பைட். 4 எம்பி என்பது 8,192 செக்டார். வகுத்தால் கடைசியில் 3,504 செக்டார்தான் மிஞ்சும். சிங்க் அந்தக் கடைசிக் கவளத்தையும் முழுசாக்க 4,688 செக்டார் பூஜ்யத்தைத் திணித்துவிட்டது. அதாவது 24,00,256 பைட் கூடுதல். இமேஜின் முதல் 10,00,20,48,86,016 பைட்டை மட்டும் வெட்டி ஹாஷ் எடுத்தேன், பொருந்தியது. இருந்தாலும் கோர்ட்டுக்கு அந்த இமேஜைக் கொடுக்கவில்லை, மறுபடி எடுத்தேன். டிடிதான் வேண்டுமென்றால் வாயை 4,096 பைட்டாகச் சுருக்குங்கள். படிக்க முடியாத செக்டார் நிறைய இருந்தால் டிடியை விட்டுவிட்டு, பழுதான டிஸ்க்குக்கென்றே உள்ள டிடிரெஸ்க்யூவுக்குப் போங்கள். எந்த இடம் படிக்கவில்லை என்ற பட்டியலை அது தனிக் கோப்பாக எழுதிவைக்கும், அதையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் வேறொரு தொல்லை. அழித்த இடங்களை அதன் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் தானாகவே துடைக்கும். மின்சாரம் கொடுத்தாலே போதும், பிளாக்கரால் அதைத் தடுக்க முடியாது. காலையில் எடுத்த ஹாஷும் மாலையில் எடுத்த ஹாஷும் மாறலாம். அதனால் எஸ்எஸ்டியை ஒரே தடவையில் இமேஜ் எடுத்துவிட்டு, அந்த இமேஜின் ஹாஷையே ஆதாரமாக வைத்துக்கொள்கிறேன். ஏன் அப்படி என்று அறிக்கையிலும் இரண்டு வரி எழுதிவிடுவேன்.

எந்த ஹாஷ்? ஹாஷ் கணக்கிடும் முறைகள் பல. எம்டி5-ல் வெவ்வேறு தரவுக்கு ஒரே ஹாஷ் வரவைக்கலாம் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள். ஷா-1-க்கு 2017-ல் ஒரே ஹாஷோடு இரண்டு பிடிஎஃப் கோப்பே வந்துவிட்டது. உங்கள் இமேஜை யாரும் அப்படி மாற்றிவிடப்போவதில்லை, ஆனால் குறுக்கு விசாரணையில் அந்தக் கேள்வி வரும். ஷா-256 எடுங்கள், பழைய அறிக்கைகளோடு ஒப்பிட எம்டி5-ஐயும் பக்கத்தில் வையுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியமின் 63(4) பிரிவுச் சான்றிதழில் ஹாஷுக்கென்றே இடம் இருக்கிறது. பகுதி ‘அ’ ஆதாரம் தரும் தரப்புக்கு, பகுதி ‘ஆ’ நிபுணருக்கு. ஹாஷ் அறிக்கையையும் இணைக்க வேண்டும். ஷா-256 என்றால் 64 எழுத்து. அதைக் கையால் எழுதாதீர்கள். ஒரு ‘பி’யை (b) 6 என்று எழுதிவிட்டு, பிறகு திருத்த மனு போட்டவன் சொல்கிறேன். மென்பொருள் தந்த லாக்கிலிருந்து நேராக நகலெடுத்து ஒட்டி, அச்செடுத்து, இரண்டு பேர் உட்கார்ந்து நாலு நாலு எழுத்தாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.